மழை பெய்யாத வீட்டின் வரைபடம்

உங்கள் வீட்டுக்குள் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். அடுப்படி ஒரு நாடு இல்லையா? அங்கே யாருடைய சட்டம் செல்லும் என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கிற நாற்காலி ஒரு நாடு. அதற்காக நடந்த போர்களை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை. குளியலறை என்பது காலையில் மட்டும் எல்லாரும் உரிமை கொண்டாடும் நாடு. கழுவ வேண்டிய நாள் வந்தால் யாருக்குமே சொந்தமில்லாத நாடு.

கண்ணாடிக்காரர் ஒருநாள் இதை யோசித்தார். யோசித்ததோடு நின்றிருந்தால் வம்பில்லை. வரைந்துவிட்டார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லையின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்து, பிரேமுக்குள் கச்சிதமாக உட்கார வைப்பார். நாள் பூராவும் ஊராருக்குப் பார்வை தெளிய வைக்கிற மனுஷன், தன் பார்வையை மட்டும் இந்த உலகத்தில் வைப்பதில்லை. தேய்த்த வில்லையைத் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடிப்பார். அதன் மேல் ஒரு சொட்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். மற்றவர்களுக்கு அது சொட்டு. அவருக்கு அது ஒரு ஆறு, மலையிலிருந்து இறங்கி, எங்கே கடலைத் தொடலாம் என்று தயங்கித் தயங்கிப் போகும் ஆறு. அது விளிம்புக்கு வந்து சேரும் வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

நடக்காமல் போன வரலாற்றுக்கு வரைபடம் போடுவதுதான் அவருடைய பித்து. ஒரு ராஜாவுக்குப் போருக்குப் புறப்படுகிற அன்றைக்குப் பல்வலி வந்திருந்தால்? படை போயிருக்காது. பக்கத்து நாடு பிழைத்திருக்கும். அங்கே ஒரு துறைமுகம் எழும்பியிருக்கும். அதற்குப் பாதை, பாதைக்குச் சத்திரம், சத்திரத்தைச் சுற்றி ஊர். இப்படி ஒரு பல்லிலிருந்து ஒரு கண்டத்தையே வரைந்துவிடுவார். குதிரையை யாருமே பழக்காத உலகம் என்று ஒன்று போட்டார். அதில் எல்லா ராஜ்யமும் சின்னச் சின்னது. ராஜா காலையில் நடந்து போய் எல்லையைப் பார்த்துவிட்டு சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பார்க்கிறவர்களுக்கே அங்கே போய் இருந்துவிடலாமா என்று தோன்றும்.

இந்தப் பித்து பிடித்தவர் அவர் மட்டுமில்லை. ஒரு சபையே இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர்தான் தலைவர். அவரைப் பெரியவர் என்பார்கள். மருந்துக்கடைக்காரர் எதை வரைந்தாலும் அது பேரரசாகத்தான் இருக்கும் என்பதால் அவர் பேரரசர். சலூன்காரருக்குத் தீவு தவிர வேறெதுவும் வராது, அதனால் அவர் தீவுக்காரர். கண்ணாடிக்கடைக்கு வார விடுமுறையான அன்று மத்தியானம், மூவரும் கண்ணாடிக்காரர் வீட்டுக் கூடத்தில் கூடி வரைபடங்களை விரிப்பார்கள்.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைகிறவர் ஒரே ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம். பல்வலி வந்தது, குதிரை பழகவில்லை, இப்படி. அதை யாரும் ஏனென்று கேட்கக்கூடாது. மற்றதெல்லாம் அந்தப் பொய்யிலிருந்து ஒழுங்காகப் பிறக்க வேண்டும். வரைபடத்தில் எதைக் காட்டியும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் வராவிட்டால் பென்சில் கைமாறும். கேட்டவரே அந்த இடத்தைத் திருத்தி வரைவார். கடைசியில் மற்ற மூவரும் கை தூக்கிவிட்டால் அது நிலைத்த உலகம். படமெடுத்து, போன் குழுவில் இருக்கிற வெளியூர் அன்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு போட்டவரே கெஞ்சினாலும் ஒரு கோடு அழிக்க முடியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். அந்த வீடு ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் குறுக்கே பலகைத் தடுப்புகளை அடித்து அறைகள் என்று பெயர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார். தடுப்பு கூரையைத் தொடாது. கூடத்தில் தும்மினால் படுக்கையறையில் இருப்பவர் நூறு ஆயுசு என்பார். நாலு பக்கமும் நிஜச் சுவரும் ஒரு நிஜக் கதவும் உள்ளது கூடத்துக்குப் பக்கத்து அறை ஒன்றுதான். அதுவோ, குடிவந்த நாளிலிருந்து பெட்டிகள் அடைந்து கிடந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி ஒருநாள் விடுப்பு எடுத்து, அத்தனையையும் பிரித்து, பாதியை எடைக்குப் போட்டு, மீதியை அலமாரியில் ஏற்றி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்.

அவருக்குப் பேருந்தில் நடத்துனர் வேலை. தெருவே அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடும்.

கண்ணாடிக்காரர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஏம்மா, அந்தச் சுவரைப் பார்த்தியா? எவ்வளவு வெள்ளையா இருக்கு!"

"நான்தானே அடிச்சேன்."

"ஒரு மகா சமுத்திரத்தையே தொங்கவிடலாம்!"

"நான் கொசுவலை தொங்கவிடலாம்னு இருக்கேன்."

"கொசுவலையா? எதுக்கு?"

"தூங்கத்தான். மீன் பிடிக்கவா?"

"தூங்குறதுக்கு ஒரு அறையா? தூக்கம் எங்க வேணும்னாலும் வருமேம்மா. வரைபடம் அப்படியா? அதுக்கு மேஜை வேணும், சுவர் வேணும், அமைதி வேணும்."

கண்டக்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பயணி சில்லறை இல்லை என்று சொன்னால் அப்படித்தான் நிற்பார்.

"ஏங்க, விடியறதுக்கு முன்னாடி எழுந்து முதல் வண்டிக்கு ஓடுறேன். மத்தியானம் வந்து கண்ணை மூடினா, தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்க ஆளுங்க யுத்தம் பண்றாங்க. போன தடவை ஒருத்தர், 'விடாதே, கோட்டையைப் பிடி'ன்னு கத்தினார். நான் தூக்கத்துலயே விசிலடிச்சு வண்டியை நிறுத்திட்டேன்."

"ஓஹோ, அந்த விசில் நீதானா? பேரரசர் பயந்துபோய்த் தலைநகரத்தையே மாத்திட்டாரு."

"எனக்கு அந்த அறை வேணும். கதவைச் சாத்திட்டு ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் முழுசாத் தூங்கணும்."

"எனக்கும் வேணுமே!"

இரண்டு பேரும் வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தார்கள். அறை ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் ஜெயித்தால் எனக்கென்ன என்று இருந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு அந்த மகா யோசனை உதித்தது. வீட்டையே ஒரு கண்டமாக வரைந்து, பக்கத்து அறையை வரைபட ராஜ்யமாக்கி, சபையில் நிலைநாட்டிவிட்டால்? பொய்க்குப் பஞ்சமில்லை. குடிவந்த அன்றைக்குப் பேய்மழை. நனையாமல் இருக்கட்டும் என்று கையில் கிடைத்த பெட்டியையெல்லாம் அந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால் பெட்டி அடைந்திருக்காது. அறை காலியாக இருந்திருக்கும். காலி அறையில் ஓர் அறிஞர் வந்து மேஜை போட்டிருப்பார். அடேயப்பா, எவ்வளவு சுத்தமான காரணம்!

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் பெருந்தன்மையாக. "சபை முடிவு பண்ணட்டும். நம்ம வீட்டை வரையறேன். அதுல அந்த அறை யாருக்குன்னு நிலைக்குதோ, அவங்களுக்கே. கோபதாபம் கிடையாது."

"உங்க சபையா? உங்க வீட்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போற ஆளுங்களா?"

"சபைக்குள்ள வந்துட்டா அவங்க தர்மராஜாக்கள்மா."

கண்டக்டரம்மா வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "யார் வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்னு ஒரு வழக்கம் இருக்குன்னு சொல்வீங்களே. நான் கேட்கலாமா?"

"தாராளமா!"

"அப்போ சரி."

சரி என்ற சொல் இவ்வளவு சுலபமாக வந்தால் எந்தப் புருஷனும் கொஞ்சம் உஷாராக வேண்டும். கண்ணாடிக்காரர் பென்சில் சீவப் போய்விட்டார்.

அவர் வரைந்ததைச் சொல்ல வேண்டுமே! அதைப் பார்த்தால் வாடகை வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுப்படிதான் தெற்கே இருக்கும் எரிமலை நாடு. எந்த நேரமும் புகையும், ஆனால் மண் வளமான மண். குளியலறை ஏரிகளின் நாடு. அங்கே மழைக்காலம் காலையில் மட்டும். படுக்கையறை மூடுபனி சூழ்ந்த மேட்டு நிலம். கூடம் பரந்த புல்வெளி. அதில் நாற்காலிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கிழக்கே, பொன்னிறத்தில், மதில் சூழ்ந்த வரைபட ராஜ்யம். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு தலைநகரம். அதன் அரண்மனை மாடத்தில், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக, கண்ணாடி போட்ட ஒரு ராஜா. வரைய வரைய அவருக்கே தூரத்தில் மணியோசை கேட்டது. தெருவில் பால்காரர் மணியடித்துவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

சபை கூடியது. வரைபடத்தை விரித்ததும் மூவரும் அதன் மேல் குனிந்தார்கள்.

"தம்பி, இது நம்ம ஊர் வீடா? நான் பார்த்த வீடா?" என்றார் பெரியவர்.

பேரரசர் ஒரு கேள்வி கேட்டார். "ராஜ்யத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து வருது?"

"எரிமலை நாட்டோட ஒப்பந்தம் இருக்கு. பாத்திரம் கழுவிக் கொடுத்துட்டு சோறு வாங்கிக்கறோம்."

"பலே!"

தீவுக்காரர், "தீவே இல்லையே?" என்று குறைப்பட்டார். குளியலறை ஏரியில் மிதக்கும் வாளியைக் காட்டியதும் சமாதானமாகிவிட்டார்.

கை தூக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது கண்டக்டரம்மா வேலை முடிந்து வந்தார். தோளில் டிக்கெட் பை, கழுத்தில் விசில். தண்ணீர் குடித்தார். வந்து வரைபடத்தின் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அழகா இருக்கு," என்றார். நிஜமாகவேதான் சொன்னார். "ஒரு கேள்வி கேட்கலாமாண்ணே?"

"கேளும்மா," என்றார் பெரியவர். "மழை ஏன் பெய்யலைன்னு மட்டும் கேட்காதே. அது அவருக்கு இனாம்."

"வெச்சுக்கட்டும். மழை இல்லை. அப்போ நான் அன்னைக்கு நனையலை?"

"நனையவே இல்லை!" என்றார் கண்ணாடிக்காரர். "முந்தானை நுனிகூட ஈரமில்லை."

"நீங்க குடையை மறந்துட்டு வந்ததும் தப்பாப் போகலை?"

"போகலையே!" இப்படி ஒரு லாபம் இருப்பது இதுவரை அவருக்கே தோன்றவில்லை.

"நனையலைன்னா, குடிவந்ததும் படுத்தேனே, அந்தக் காய்ச்சல்?"

"அதுவும் இல்லை! பார்த்தியா, என் உலகத்துல நீ எவ்வளவு ஆரோக்கியமா இருக்கே! நானே எழுதி வெக்கணும்னு நினைச்சேன்."

"ரொம்ப சந்தோஷம்." கண்டக்டரம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். "நான் காய்ச்சல்ல தூக்கம் வராம புரண்டுட்டு இருந்தப்போ, பக்கத்துல உட்கார்ந்து நீங்க என்ன பண்ணீங்க? இவங்களுக்குத் தெரியாதில்ல, சொல்லுங்களேன்."

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. அதை யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை காலம் காத்திருந்தார்! மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றதுன்னே தெரியலை. சாமான் எல்லாம் அந்த அறையில அடைஞ்சு கிடக்கு. வெளியில மழை ஊத்துது. இவ கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துட்டு இருக்கா. மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒண்ணு கிடந்தது. அதைப் பிரிச்சு, உள்பக்கத்துல ஒரு கடற்கரை போட்டேன். சும்மாத்தான். 'இங்கே ஒரு ஊர் இருந்தது, ஒரு ராஜா அதை அழிக்க வந்தான், பல்வலியால பாதி வழியில திரும்பிட்டான், அதனால ஊர் இன்னும் இருக்கு. பாரு, அங்கேயிருந்து ஒரு படகு கிளம்புது. விரலால அது கூடவே போ'ன்னு சொன்னேன். இவ விரலை வெச்சு ஓட்டிக்கிட்டே போனா. முதல் தீவைத் தாண்டினா. அடுத்த தீவுகிட்டப் போறதுக்குள்ள விரல் நின்னு போச்சு. தூங்கிட்டா."

பெரியவர் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத்தான் தூக்கம் போயிடுச்சு," என்றார் கண்ணாடிக்காரர். "அந்தத் தீவுக்கு அப்பால என்ன இருக்கும்? அங்கே யார் இருப்பாங்க? பென்சிலைக் கீழே வெக்கவே முடியலை. அதுதான் என்னோட முதல் வரைபடம். அதுக்கு முன்னாடி நான் ஒரு கோடு கூடப் போட்டதில்லை. இன்னைக்கு வரைக்கும் நான் போட்ட உலகம் அத்தனைக்கும் அந்த அட்டைதான் தாய்!"

தீவுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் தீவு என்று கேட்டதிலிருந்தே அவருக்குத் தாங்கவில்லை.

கண்டக்டரம்மா புருஷனைப் பார்த்தார். பார்வையில் பாசம் இல்லாமல் இல்லை. பிறகு, தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"ஆனா இந்த உலகத்துல மழை பெய்யலையே."

"ஆமா, பெய்..." கண்ணாடிக்காரர் நிறுத்தினார்.

"மழை இல்லை. காய்ச்சல் இல்லை. நான் பாட்டுக்குத் தூங்கிட்டேன். அட்டையை யாரும் பிரிக்கலை. அப்போ அந்த அறையில கண்ணாடி போட்டுக்கிட்டு ஒருத்தர் ராஜ்யம் பண்றாரே, அவர் யாருங்க? எங்கேயிருந்து வந்தாரு?"

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"அவர்... கடையில... வில்லையைத் துடைக்கும்போது தானாத் தோணி..."

"தானா எல்லாம் தோணக்கூடாது தம்பி," என்றார் பேரரசர். "ஒரு கழுதை ஆத்தைத் தாண்டினதுக்குக் காரணம் இல்லைன்னு என் பேரரசையே கவுத்தவர் நீங்க. ஞாபகம் இருக்கா?"

"அப்போ அந்த ஊர்ல நான் என்னதான் பண்ணிட்டு இருக்கேன்?" கண்ணாடிக்காரருக்கு நிஜமாகவே திகில் பிடித்துக்கொண்டது. வரைபடத்தில் தன்னைத் தேடினார்.

"நல்லாத்தான் இருக்கீங்க," என்று கண்டக்டரம்மா ஆறுதல் சொன்னார். "கடை விட்டு வந்ததும் துணி மடிக்கிறீங்க. காய் நறுக்கிக் கொடுக்கறீங்க."

"நானா?"

"வேற பொழுதுபோக்கு இல்லையே, பாவம்."

"மழையே பெஞ்சுட்டுப் போகட்டும்! நான் வேற பொய் வெச்சுக்கறேன்! குடிவந்த அன்னைக்குக் காத்து... காத்து வடக்கேயிருந்து..."

"ஒரு வரைபடத்துக்கு ஒரு பொய்தான்," என்றார் பெரியவர். எத்தனையோ வீட்டு வாசலில் தந்தி கொடுத்த குரல் அது. "பென்சிலைக் கொடுங்க தம்பி."

பென்சில் கைமாறியது.

கண்டக்டரம்மா குனிந்து வரையத் தொடங்கினார். ஓடும் வண்டியில் நின்றபடி எழுதிப் பழகிய கை. கோடு அலை அலையாகத்தான் வந்தது, ஆனால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மதிலை அழித்தார். அரண்மனையை அழித்தார். அந்தப் பொன்னிற நாட்டின் நடுவில் ஒரு சின்னக் கட்டில் போட்டார். அதன் மேல் மேகம் போல ஒரு கொசுவலை.

தீவுக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் தங்கச்சி, இவரே வரைபடம் போடலைன்னா சபை ஏது? நாங்க இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டோமே. அப்போ நாங்க எங்கே?"

"அவங்கவங்க வீட்டுல இருக்கீங்கண்ணே. வீட்டம்மாவோட பேசிட்டு."

"பேசிட்டா?" பேரரசர் ஆடிப்போய்விட்டார்.

"அப்போ இந்தக் கூடத்துல யாருமே இல்லையா?" என்றார் பெரியவர்.

"யாரும் இல்லாத இடத்தை என்ன பண்றது? தண்ணியா விட்டுடலாம்." கண்டக்டரம்மா புல்வெளியை அழித்து நீலப் பென்சிலை எடுத்தார். நாற்காலிகள் மேய்ந்த இடமெல்லாம் கடலாயிற்று. அவர்கள் நால்வரும் உட்கார்ந்திருந்த இடத்தில் அலை வந்து படிந்தது. ஒரு படகு கூட இல்லை. காற்று கூட இல்லாத மத்தியானக் கடல், கட்டில் இருக்கும் கரையை மெதுவாகத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

கண்ணாடிக்காரர் எதிர்க்க வேண்டும் என்றுதான் குனிந்தார். விரல் தானாகவே அந்த நீலத்தின் மேல் போயிற்று. போகப் போக இமை கனத்தது. தன் வீட்டில் இப்படி ஒரு இடம் இருப்பது இவ்வளவு நாளாகத் தனக்குத் தெரியாமல் போனதே என்று ஏக்கமாகக்கூட இருந்தது.

பெரியவர் கையைத் தூக்கினார். பேரரசர் தூக்கினார். தீவுக்காரர், கட்டிலைத் தீவு என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று உறுதி வாங்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பியாயிற்று. கண்ணாடிக்காரர் போனைப் பிடுங்குவதற்குள், முகம் தெரியாத ஒரு வெளியூர் அன்பர் பதில் போட்டுவிட்டார்: "இந்த நாட்டில் குடியேற யாரைப் பார்க்க வேண்டும்?"

நிலைத்த உலகம். இனி ஒரு கோடு அழியாது.

கண்டக்டரம்மா எழுந்தார். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார்.

கூடத்தில் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கொஞ்ச நேரம்தான்.

"கடலுக்குப் பேர் வெக்கலையே," என்று பேரரசர் கிசுகிசுத்தார். "என் பேரரசோட பேரையே வெச்சுடலாம்."

"கடலுக்குள்ள பேரரசு எப்படி வரும்? தீவுதான் வரும்," என்று தீவுக்காரர் கிசுகிசுத்தார், கொஞ்சம் உரக்க.

"தபால் எப்படிப் போகும், அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார் பெரியவர். அவருக்குக் கிசுகிசுக்க வராது.

"படகே கிடையாது, தபால் எங்கே போகும்!"

"படகு விடணும்! துறைமுகம் கட்டணும்! கோட்டை வெக்கணும்!"

"கடலுக்கு எல்லை உண்டா இல்லையா, எனக்கு இப்போ தெரிஞ்சாகணும்!" என்று கூடம் அதிரக் கத்தியவர், வேறு யார், கண்ணாடிக்காரர்தான்.

பக்கத்து அறைக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. கலைந்த தலையும் பாதி மூடிய கண்ணுமாகக் கண்டக்டரம்மா நின்றார். கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். மனசு மாறிவிட்டதோ? ஒரு மேஜைக்காவது இடம் கொடுப்பாளோ?

"ஏங்க..."

"சொல்லும்மா!"

"இந்தக் கடலைக் கொஞ்சம் அவங்கவங்க வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. வழியனுப்பிட்டு வந்து, அந்த வெங்காயத்தை நறுக்கி வெச்சிடுங்க."